எட்டாங்கல்

சதுரங்கப்பட்டினத்தில் பஸ் நிற்கும் இடத்தில், என் சைக்கிள் கடையை ஒட்டி ரோஷன் பீவியின் நாஸ்தா கடை இருந்தது. கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். நாலு சவுக்குக் கழி, மேலே தகரம், ஆடும் பெஞ்சு ஒன்று. காலையில் ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் போடுவாள். எழுபதுகளில் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கெங்கிருந்தோ வந்த கூலிகளும் லாரி டிரைவர்களும் அந்த ஆடும் பெஞ்சில் இடம் பிடிக்கச் சண்டை போடுவார்கள். எனக்கும் அதில் ஆதாயம் உண்டு. பாயாவுக்குக் காத்து நிற்கிறவன் சும்மா நிற்காமல் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு போவான்.

வெள்ளிக்கிழமை மட்டும் வெயில் ஏறுவதற்குள் அடுப்பை அணைத்துவிடுவாள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிவிடுவாள். எங்கே என்று கேட்டால் அம்மா வீட்டுக்கு என்பாள். அவளுடைய அம்மா செத்துப்போய் வெகுநாள் ஆகியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் எங்கே போகிறாள், எப்போது வருகிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்க ஊரில் ஏற்கெனவே ஆள் அதிகம். அதில் நானும் ஒருவனாகச் சேர விருப்பமில்லை.

ஒரு மழைநாளில் பஸ் வராமல் என் கடைக்குள் ஒதுங்கி நின்றவள் தானாகவே சொன்னாள். அவள் போவது அம்மா வீட்டுக்கு இல்லை, மகளைப் பார்க்க. அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை என்றுதான் ஊர் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது. செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனையும் ஏரியையும் விட்டுக் கிளம்பி, நென்மேலியைத் தாண்டி, திருக்கழுக்குன்றத்து மலையடியில் கொஞ்சம் இளைப்பாறி, புதுப்பட்டினம் வழியாக வந்து, எங்கள் ஊரில் கடலைப் பார்த்ததும் நின்றுவிடும். மேற்கொண்டு போக இடமில்லை. ஒரு காலத்தில் டச்சுக்காரனின் துணி மூட்டைகள் இந்தத் தடத்தில்தான் மாட்டு வண்டியில் வந்தன என்று சொல்வார்கள். அப்புறம் உப்பு வண்டி, கருவாட்டு வண்டி. இருபுறமும் புளியமரம் நட்டவன் வெள்ளைக்காரன். அவன் போன பிறகும் வெகுநாள் ஜில்லா போர்டு ரோடாகவே கிடந்துவிட்டு, ஒருநாள் மாநில நெடுஞ்சாலை என்று பலகை மாட்டிக்கொண்டது. பேர்தான் பெரிதானது, பள்ளங்கள் அப்படியே இருந்தன. அந்தப் பள்ளங்களால்தான் என் பிழைப்பு ஓடியது. அதற்காக இந்த ரோட்டின் மேல் எனக்கு மரியாதை வந்துவிடவில்லை.

எங்கள் பக்கத்தில் தூரத்தைக் கல்லில்தான் சொல்வோம். மைலுக்கு ஒரு கல் நட்டிருந்ததால் மைல் என்ற சொல்லே எங்கள் வாயில் வராது. சந்தை ரெண்டு கல், மாமியார் வீடு அஞ்சு கல், ஆறாங்கல்லில் மாடு முட்டிவிட்டது என்றுதான் பேச்சு. செங்கல்பட்டிலிருந்து எண்ணிக்கொண்டு வருவோம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கல்லின் மேலிருக்கும் எண் தெரியும்.

ரோஷன் பீவி இந்த ரோட்டின் அந்த முனையில் பிறந்து இந்த முனையில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கண்ட உலகம் இந்த ரோட்டின் நீளம்தான். அப்பா செங்கல்பட்டில் தையல்காரர். புருஷன் நூர்முகமது எங்கள் ஊர் சவுக்குத்தொட்டியில் மரம் ஏற்றி லாரியோடு போகிறவன். நெட்டையாக, சிவப்பாக இருப்பான். வாய் பேசாத மனிதன். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் பிள்ளையில்லை. இருக்கிற தர்காவுக்கெல்லாம் நேர்ந்துகொண்டு, பேசுகிறவர்கள் பேசி ஓய்ந்த பிறகு, எழுபதாம் வருஷம் அவள் வயிறு நிறைந்தது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை.

அவள் மயக்கத்தில் இருந்தாள், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நூர்முகமது பிள்ளையைப் பச்சைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். எங்கள் ஊர் கபர்ஸ்தானில், அவன் வாப்பாவின் காலடியில் வைக்க வேண்டும் என்று ஆசை. அது ஏதோ ஒரு தனியார் பஸ். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் குழந்தை இவ்வளவு நேரமாக அழவே இல்லையே, முகத்தைக் காட்டு என்று துண்டை விலக்கியிருக்கிறாள். பஸ்ஸில் ஒரே கூச்சல். பிணம் ஏற்றிய பஸ்ஸில் வரமாட்டோம் என்று நாலு பேர் எழுந்து நின்றார்கள். கண்டக்டர் விசிலை ஊதி, உச்சி வெயிலில், நடுவழியில் அவனை இறக்கிவிட்டான்.

பிள்ளையை அங்கேயே புதைத்துவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தான். இதை அவன் பெண்டாட்டியிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. "எட்டாங்கல்லாண்ட, புளியமரத்துக்குக் கீய வெச்சிட்டு வந்தேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. என்னைக் கூட்டிப்போய்க் காட்டு என்று அவள் கேட்டபோதெல்லாம் போலாம், போலாம் என்றான். கல்யாணம் விசாரிக்கப் போகிறவன் மாதிரி நாள் தள்ளிக்கொண்டே இருந்தான். எழுபத்து மூன்றில் மஞ்சள்காமாலை வந்து செத்தும் போனான்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பிள்ளையின் தலைமாட்டில் போய் நின்று அதன் பேரைச் சொல்ல வேண்டும். உருவம் வந்த பிள்ளையைப் பேர் வைக்காமல் மண்ணில் வைக்கக் கூடாது என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். நூர்முகமது பேர் வைத்தானா என்று கேட்கப் பயந்து கேட்காமலே விட்டுவிட்டாள். பேர் இல்லாத பிள்ளையை மறுமையில் எப்படிக் கூப்பிடுவது? எத்தனையோ கோடிப் பேர் நடுவில் அது யார் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? இந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. சுராயா என்று பேரை மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். அதைச் சொல்ல இடம்தான் தெரியவில்லை.

இதை அவள் சொன்னபோது எனக்கு வந்தது இரக்கம்கூட இல்லை, எரிச்சல். எங்கள் ஊர்க் கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் சமாதிகள் இருக்கின்றன. எந்த ஊரிலோ பிறந்து இங்கே வந்து காய்ச்சலில் செத்தவர்கள். அவர்களுக்கு வழவழப்பான கல், அதில் பூவேலை, பேர், பிறந்த தேதி, செத்த தேதி, சுற்றிச் சுவர், சுவருக்கு ஒரு கதவு. அழ ஒரு ஆள் கிடையாது. இந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைக்கு ஒரு பஸ்ஸில் மடியளவு இடம் இல்லை. அந்தக் கண்டக்டர் இன்றைக்கு என் கடைக்குக் காற்றடிக்க வந்தால் டியூபை வெடிக்க வைத்துத்தான் அனுப்புவேன்.

புருஷனின் மௌத்துக்குப் பிறகு, வீட்டோடு இருக்க வேண்டிய நாட்கள் முடிந்ததும், அவளே பஸ் ஏறினாள். எட்டாங்கல் என்று டிக்கெட் கேட்டாள். கண்டக்டர் புது ஆள், இளவட்டம். எட்டு என்று போட்டிருந்த கல்லின் பக்கத்தில் இறக்கிவிட்டான். பக்கத்தில் புளியமரமும் இருந்தது. அன்றைக்கு அங்கே உட்கார்ந்து, தொண்டை வறண்டு போகும்வரை அழுதாள். கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போகக் கூடாது என்று எங்கள் ஊர் பாய்மார்கள் கண்டிப்பாக இருந்தார்கள். ரோட்டோரத்தில் உட்காருகிறவளை யார் தடுப்பது? அந்த ஒரு சலுகையை அவள் பிள்ளை அவளுக்குக் கொடுத்திருந்தது.

அன்றைக்கே அவளுக்கு அந்த அழுகை கேட்டதாம். தூளியில் கிடக்கிற பிள்ளை விழித்ததும் முதலில் சிணுங்குமே, அந்தச் சத்தம். மரத்தடியிலிருந்து வந்தது. அவள் சுராயா என்று கூப்பிட்டதும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை நண்பகலிலும் அப்படித்தான். அழும், பேர் சொல்லிக் கூப்பிடுவாள், அடங்கிவிடும். பாத்திஹா ஓதி, கொஞ்சம் பன்னீர் தெளித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பயம் இல்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டு வருகிறவளின் முகம் அது. நான் கழற்றிய நட்டையே திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தேன்.

எழுபத்தாறோ எழுபத்தேழோ, அந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமையில் வந்தது. கடையில் பம்புக்கும் ஸ்பேனருக்கும் பொட்டு வைத்துவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். ரோஷன் பீவி ஒரு மருதாணிக் கன்றோடு வந்தாள். கபர் மேல் பச்சை இருந்தால் உள்ளே இருக்கிறவர்களுக்குக் குளிர்ச்சி என்றாள். குழி தோண்டக் கடப்பாரை வேண்டும், கூட ஒரு ஆள் வந்தால் நல்லது என்றாள். எனக்கும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு அரிப்பு இருந்தது. வேண்டா வெறுப்பாகப் போகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நாங்கள் இறங்கியபோது வெயில் உச்சியில் இருந்தது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. வயலில் ஆள் இல்லை. புளியமரம் நிழலைக் காலடியில் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தது. பச்சைத் தலை வைத்த அந்தக் கல், எட்டு என்ற எண்ணைக் காட்டிக்கொண்டு நின்றது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசாமல் இரு என்று எனக்குக் கையைக் காட்டினாள்.

அழுகை கேட்டது. நான் பொய் சொல்லவில்லை. உரத்த சத்தம் இல்லை, மெல்லிய சிணுங்கல், கொஞ்சம் விக்கலோடு. நான் எழுந்து மரத்தைச் சுற்றி வந்தேன். ஆட்டுக்குட்டி ஏதாவது வழிதவறி நிற்கிறதா என்று வரப்புவரை போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பி வந்தால் சத்தம் காலடியில் கேட்கிறது. "சுராயா," என்றாள் அவள், அடுப்பில் வேலையாக இருக்கும்போது கூப்பிடுவது போல. நின்றுவிட்டது. ஆட்டுக்குட்டிதான் என்றேன். அவள் சிரித்துக்கொண்டாள்.

நான் கடப்பாரையைக் கையில் எடுத்த நேரத்தில் ரோட்டு கேங் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். முன்னால் வந்தவர் சடையப்பன். அந்தப் பகுதி கேங்குக்கு மேஸ்திரி. வெற்றிலைக் காவி ஏறிய பல், தார் ஏறிய விரல். ரோடு போடுகிறவர்களுக்குக் கல்தான் சாமி. ஆயுத பூஜை அன்றைக்குக் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மண்வெட்டியையும் கூடையையும் அதன் மேல் சாய்த்துக் கற்பூரம் காட்டுவார்கள். பூசை போடணும், கொஞ்சம் தள்ளி உட்காரும்மா என்று சடையப்பன் மரியாதையாகத்தான் கேட்டார்.

அவள் நகரவில்லை. கோபமும் படவில்லை. வேற கல்லுக்குப் போடுங்கண்ணே என்றாள். "இது எம் புள்ளையோட மீசான் கல்லு. கபர் தலமாட்டுல வெக்கிற கல்லு." 

சடையப்பனுக்குப் புரியவில்லை. இந்தக் கல்லை நட்டதே தான்தான் என்றார். குழி எடுத்தபோது மண் பாறை மாதிரி இருந்தது, அதற்கு முன் அங்கே மண்வெட்டி பட்ட அடையாளமே இல்லை, இங்கே ஒரு கபரும் கிடையாது என்றார். அவள் பொறுமையாகச் சொன்னாள். புருஷன் இங்கேதான் பிள்ளையைப் புதைத்தான், பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டுவிட்டார்கள், எழுபதாம் வருஷம், பச்சைத் துண்டில் சுற்றிய பெண் பிள்ளை.

பச்சைத் துண்டு என்ற சொல்லைக் கேட்டதும் சடையப்பன் கையிலிருந்த மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கல்லுக்கு எதிரில், வெறும் மண்ணில், அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட வந்த ரெண்டு பேரும் ஒன்றும் விளங்காமல் மாலையும் கையுமாக நின்றார்கள்.

"நெட்டையா, செவப்பா ஒரு பாய்," என்றார். "அன்னிக்கு மண்வெட்டி குட்த்தது நான்தாம்மா. பாதிக் குழி நான்தான் வெட்னேன். அது இந்த எடம் இல்ல."

ரோஷன் பீவி கல்லின் மேலிருந்த எட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"அது எட்டாங்கல்லு. இது எட்டாங் கிலோமீட்டரு."

எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. எழுபத்திரண்டு வாக்கில், கல்பாக்கத்துக்குப் பெரிய பெரிய இரும்புச் சாமான்களை ஏற்றிய டிரெய்லர்கள் வர வேண்டும் என்று இந்த ரோட்டை அகலப்படுத்தினார்கள். அப்போதே மைல் கற்களைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கற்களை நட்டார்கள். ஊர் வாயில் மட்டும் ரெண்டுக்கும் ஒரே பேர், கல். எட்டு என்ற எண் செங்கல்பட்டைப் பார்க்கப் பல ஊர் தள்ளி நகர்ந்து வந்துவிட்டிருந்தது. அவள் எண்ணை நம்பி இறங்கியிருக்கிறாள். நூர்முகமது ஏன் நாள் தள்ளிக்கொண்டே இருந்தான் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. சவுக்கு லாரியில் தினமும் அந்த வழியே போனவன், கல் போனதைப் பார்த்திருப்பான், மரம் போனதைப் பார்த்திருப்பான். பெண்டாட்டியைக் கூட்டிப்போய் எதைக் காட்டுவான்? பாவம், அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

இத்தனை வருஷம் வெறும் மண்ணில் உட்கார்ந்து அழுதிருக்கிறேனே என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. அவள் கேட்டது ஒரே கேள்விதான். "அங்க இப்ப இன்னா கீதுண்ணே?"

சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "ரோடு கீதும்மா," என்றார்.

அவரே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். பூசைச் சாமான்களைக் கூட வந்தவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, சதுரங்கப்பட்டினம் போகிற பஸ்ஸில் எங்களோடு ஏறினார். கழுக்குன்றத்து மலை கண்ணுக்கெதிரே பெரிதாகத் தெரிகிற இடத்தில், ஒரு மதகைத் தாண்டி, வண்டியை நிறுத்தச் சொன்னார். அங்கே மரமும் இல்லை, கல்லும் இல்லை. கருப்பாக, அகலமாக ரோடு மட்டும் கிடந்தது. மதகின் சுவரிலிருந்து கொஞ்சம் நடந்து, தார் முடிந்து மண் தொடங்குகிற ஓரத்தில் நின்றார். விளிம்புக்கு உள்பக்கமாக, தாரின் மேல் ஒரு இடத்தைக் காட்டினார்.

ரோடு இந்தப் பக்கம்தான் அகலமாகும் என்று தெரிந்தபோது மேலே இருக்கிறவர்களிடம் சொல்லிப் பார்த்தாராம். ரோட்டுக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்களோ யாருக்குத் தெரியும் என்று சிரித்தார்களாம். ரோலர் வருகிறதற்கு முன்னால், பிடுங்கிப் போட்ட எட்டாம் மைல் கல்லைப் புரட்டிக் கொண்டுவந்து, அந்தப் பிஞ்சின் மேல் பாரம் இறங்காதபடி ரெண்டு பக்கமும் கருங்கல் முட்டுக் கொடுத்து, அதன் மேல் படுக்க வைத்துவிட்டாராம். அப்புறம்தான் ஜல்லி கொட்ட விட்டார். யாரும் செய்யச் சொல்லவில்லை. செய்யாமல் இருக்க முடியவில்லை என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெயில் கூசுகிறது என்று துண்டால் துடைத்துக்கொண்டேன்.

"உம் புள்ளைக்குக் கல்லு கீதும்மா," என்றார். "நிக்கல. படுத்துகினு கீது."

அவள் தாரின் மேல் உட்கார்ந்தாள். உள்ளங்கையை வைத்தாள். அந்த நேரத்தில் தார் எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும். கையை எடுக்கவில்லை. ஓதினாள். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த அழுகை இங்கே ஒரு தடவை கேட்டுவிடாதா என்று நானே வேண்டிக்கொண்டேன். கேட்கவில்லை. சைக்கிளில் ஒருவன் மணியடித்துக்கொண்டு போனான். தூரத்தில் டிரெய்லர் ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. சடையப்பன் சட்டென்று எழுந்து, தோளிலிருந்த சிவப்புத் துண்டை வீசி, ரோட்டு நடுவில் நின்று அதை ஒதுக்கிவிட்டார். தரை அதிர்ந்து அடங்கியது. அதற்குப் பிறகும் எந்தச் சத்தமும் இல்லை. கீழே இருப்பது ஆழ்ந்து தூங்குவது போலிருந்தது.

அவள் குனிந்து தாருக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோய் ஒரு பேரைச் சொன்னாள். உதடு அசைந்ததை நான் பார்த்தேன். அது சுராயா இல்லை. வேறு ஏதோ பேர், எனக்குக் காதில் விழவில்லை. ஏன் அந்தப் பேரைச் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன்.

"அத்த அங்க குட்த்துட்டனே அண்ணாத்த," என்றாள். "குட்த்தத்த எப்டி திருப்பி வாங்கறது?"

மருதாணிக் கன்றைச் சடையப்பன் வாங்கி, தார் முடிகிற ஓரத்து மண்ணில் குழி எடுத்து நட்டார். மதகடியிலிருந்து கையில் தண்ணீர் அள்ளிவந்து ஊற்றினார். இனி இந்தப் பக்கம் வேலை நடந்தால் இதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மதகுச் சுவரில் போய் உட்கார்ந்தார். நான் எங்கள் ஊர் பஸ்ஸுக்காகக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பிள்ளை கிடைத்துவிட்டது, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

திரும்பிப் பார்த்தால் அவள் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றிருந்தாள். செங்கல்பட்டுப் பக்கம் போகிற பஸ் நிற்கிற இடம் அது. நான் ஓடிப்போய் என்னவென்று கேட்டேன். எட்டாங்கல்லுக்குப் போக வேண்டும் என்றாள். பூசைக்காரர்கள் வந்துவிட்டதில் இன்றைக்கு அங்கே சரியாக உட்காரவே இல்லை, பாத்திஹாகூட ஓதாமல் பாதியில் எழுந்து வந்துவிட்டேன் என்றாள். அந்த மரத்தடியில் கேட்டது இவள் பிள்ளையின் குரல் இல்லை என்பதே அப்போதுதான் எனக்கு முழுசாக மண்டையில் ஏறியது. அப்படியானால் அது யார்? கல் நடக் குழி எடுத்தபோது கன்னி மண் என்று சடையப்பன் சொன்னாரே. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், மரத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, எந்தக் காலத்தில் யார் எதை விட்டுவிட்டுப் போனார்களோ. இனி அந்த இடத்தைத் தாண்டும்போது பஸ் ஜன்னலை மூடிக்கொள்வேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பயத்தில் கோபம்தான் முதலில் வந்தது.

"அது உம் புள்ள இல்லன்னு தெரிஞ்சிபோச்சே பாயம்மா. இன்னும் இன்னாத்துக்கு அங்க போற?"

துப்பட்டியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். பஸ் மலைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்குத் தெரிஞ்சிபோச்சி அண்ணாத்த," என்றாள். "அதுக்குத் தெரியாதே."